சபுராளி ஆட்டக்காரர்: ராமநாதபுரம் கரையில் இருந்து கிளப் கிளப்பாகப் போய் பாஸ்கெட்பால் ஆட

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டில் சம்பாதிப்பவரைச் சபுராளி என்பார்கள். பாஸ்கெட்பாலிலும் சபுராளிகள் உண்டு. அமெரிக்க என்பிஏவில் இஷ் ஸ்மித் 13 அணிகளுக்கு ஆடியிருக்கிறார். அந்த லீக்கில் அத்தனை அணிகளுக்கு வேறு யாரும் ஆடியதில்லை. பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை. ஆட்டத்தை நடத்தும் முதல் பாயிண்ட் கார்டு ஓய்வுக்கு உட்காரும் நேரத்தில் உள்ளே இறங்கி, பந்தைப் பறிகொடுக்காமல் வேகமாக முன்னே கொண்டுபோவதுதான் அவர் வேலை. அந்த ஒரு வேலைக்காகவே அடுத்தடுத்து கூப்பிட்டார்கள். 2023இல் டென்வர் நகெட்ஸ் பட்டம் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார்.

நம் நாட்டிலும் ஆட்கள் உண்டு. அம்ஜ்யோத் சிங் ஜப்பானில் ஆடிவிட்டு, என்பிஏவுக்கு அடுத்த படியான அமெரிக்க ஜி லீக்கில் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணிக்குப் போனார். அம்ரித்பால் சிங்கும் ஜப்பானில் ஆடி, 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸில் சேர்ந்தார். தெற்கு ரயில்வேயில் இருந்த கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார்; 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ அணிகளின் ட்ரையல்ஸ் வரை போய் வந்தார். திறமை இல்லாமல் இந்த இடங்களுக்குப் போக முடியாதுதான். ஆனால் திறமை இருந்தும் போகாமல் நின்றவர்களைக் கேட்டால் பாதிக்குமேல் காகிதக் கோளாறாகத்தான் இருக்கும்.

முதலில் ரிங்கை அளங்கள்

தரையில் இருந்து ரிங்கின் மேல் விளிம்பு 3.05 மீட்டர் இருக்க வேண்டும். கரையோரப் பள்ளிகளில் உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடித்து ரிங் முன்பக்கம் தொங்கிவிடும். அல்லது மணல் கொட்டித் தரை உயர்ந்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் குறைந்த ரிங்கில் இரண்டு வருடம் போட்டுப் பழகியவன் சென்னை உள்ளரங்கத்துக்குப் போனால் எல்லாம் முன் விளிம்பில் அடிக்கும். டேப் வைத்து முன், பின், இரு பக்கம் என நான்கு இடத்தில் பாருங்கள். ஃப்ரீ த்ரோ கோடு போர்டின் முகத்தில் இருந்து கிடைமட்டமாக 4.60 மீட்டர். மூன்று பாயிண்ட் வளைவு ரிங்கின் நடுவுக்கு நேர் கீழே தரையில் இருந்து 6.75 மீட்டர். பழைய கோர்ட்டுகளில் 2010க்கு முந்தைய 6.25 மீட்டர் கோடே இன்னும் கிடக்கும். அதை நம்பிப் பழகினால் அரை மீட்டர் ஏமாந்துவிடுவீர்கள். சுண்ணாம்பால் புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பந்து ஆண்களுக்கு 7ஆம் சைஸ், பெண்களுக்கு 6. வெளிக் கோர்ட்டுக்கு ரப்பர் பந்தே போதும். தோல் பந்தை சிமென்ட் தரையும் மணலும் ஒரே மாதத்தில் தின்றுவிடும். காற்று சரியா என்று பார்க்க 1.80 மீட்டர் உயரத்தில் இருந்து விடுங்கள். பந்தின் அடிப்பாகம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டி எழும்ப வேண்டும்.

கச்சான் காலத்தில் என்ன செய்வது

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆடுகிறவர்களுக்கு வெளியூர்ப் பயிற்சியாளர் யாரும் சொல்லித்தராத கெட்ட பழக்கம் ஒன்று படிகிறது. கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசும்போது பந்தை உயரத் தூக்கினால் காற்று இழுத்துக்கொண்டு போகும். அதனால் கை தானாகவே பந்தைத் தட்டையாக, விசையாக எறியப் பழகிவிடும். காற்றைத் துளைக்க அது சரி. காற்றே இல்லாத அரங்கத்தில் அதே எறிதல் ரிங்கில் பட்டுத் தெறிக்கும், ஏனென்றால் தட்டையாக வரும் பந்துக்கு ரிங்கின் வாய் குறுகலாகத்தான் கிடைக்கும். 45 டிகிரிக்கு அருகில் இறங்குகிற பந்துக்குத்தான் இடம் அதிகம்.

ஆகவே நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். தூரத்து ஷாட் எல்லாம் விடியற்காலை, காற்று எழும்பும் முன். ஏழரைக்கு மேல் கச்சான் பிடித்துவிட்டால் ரிங்கில் இருந்து இரண்டு மீட்டருக்குள் ஓடிவந்து போடும் லேஅப், போர்டில் அடித்துப் போடுவது, இடது கை, தெறித்த பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட், டிஃபென்ஸ் கால் நகர்த்தல். சாயங்காலம் காற்று ஓயாத நாட்களில் ஃப்ரீ த்ரோ போட வேண்டுமென்றால் காற்று முதுகில் படும் ரிங்கில் மட்டும் போடுங்கள். வாடை மாதங்களில் கோர்ட் ஈரமாகவே கிடக்கும். ஈர மணல் ஒட்டிய சிமென்டில் திரும்பினால் முழங்கால் போய்விடும். ஆடும் முன் கோர்ட்டைப் பெருக்குவதை நாளொருவர் முறை வைத்துச் செய்யுங்கள்.

எண்ணிக்கையில் ஒரு திருத்தம். "தினம் 300 ஷாட் போட்டேன்" என்பதில் ஒன்றும் இல்லை. ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் 20 கூடையில் விழும் வரை. எத்தனை எறிந்து 20 விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். காற்றையும் பக்கத்தில் குறித்துவைத்தால் மூன்று மாதத்தில் எது கையின் குறை, எது காற்றின் குறை என்று பிரிந்து தெரியும்.

சிமென்டில் குதிக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முழங்கால் சில்லுக்குக் கீழே காலையில் படி இறங்கும்போது வலித்தால் அது தசைநாரின் எச்சரிக்கை. அந்த வலிக்கு யாராவது ஊசி போட்டுவிட்டால் பார்த்துக்கொள்ளுங்கள்: ஸ்டீராய்டு ஊசி எந்த வழியாகப் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரினும் அளவு மீறினால் அப்படித்தான். மருந்துச்சீட்டு இல்லாமல் எதையும் விழுங்காதீர்கள், விழுங்கிய மருந்தின் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

ஏணி எப்படிப் போகிறது

மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் வழக்கமாக 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குச் சேர்க்கை நடக்கும். தேர்வு கோடை விடுமுறையை ஒட்டி. அறிவிப்பு வந்து கடைசித் தேதிக்குள் அதிக நாள் இருக்காது. ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் சித்திரை பிறந்ததும் ஒருதரம் கேட்டுவிடுவது நல்லது. விடுதியில் இடம் கிடைத்தால் தினமும் தன்னைவிட உயரமான பிள்ளைகளோடு ஆட்டம் கிடைக்கும். நம் கரையில் கிடைக்காதது அதுதான்.

அதற்குப் பிறகு மாவட்ட அணி, மாநில அணி, 16 மற்றும் 18 வயதுக்கு உட்பட்டோர் தேசியப் போட்டிகள், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. வேலை என்று பார்த்தால் தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரி போன்ற அணிகள். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. சான்றிதழ்ப் படிவங்களில் படிவம் 1 சர்வதேசப் போட்டிக்கு, 2 தேசியப் போட்டிக்கு, 3 பல்கலைக்கழகத்துக்கு, 4 பள்ளி தேசியத்துக்கு. போட்டி முடிந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார்.

சென்னை ட்ரையல்ஸுக்கு ராமேஸ்வரத்தில் இருந்து ராத்திரி ரயிலேறி, காலையில் இறங்கி, நேரே கோர்ட்டுக்குப் போவதுதான் நம் ஊர் வழக்கம். அன்ரிசர்வ்டில் மடங்கி உட்கார்ந்த கால் அன்று குதிக்காது. ஒரு நாள் முன்னால் போங்கள். முந்தைய சாயங்காலம் அதே அரங்கில் அரை மணி நேரம் கிடைத்தால் ரிங்கின் அடியில் இருந்து தொடங்கி ஓரடி ஓரடியாகப் பின்வாங்கி 100 ஷாட் போடுங்கள். கண்ணாடி போர்டும் அதன் பின்னால் உள்ள இருட்டும் தூரத்தை ஏமாற்றும்.

உயரம் பற்றிச் சும்மா இனிப்பாகப் பேச வேண்டாம். வெளிநாட்டுக் கிளப் ஒரு வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் உயரத்துக்கோ, நிச்சயமான பாயிண்டுக்கோதான். ஐந்தே முக்கால் அடிப் பையனுக்கு அந்தக் கதவு குறுகல். அவனுக்கு 3x3 பார்க்கச் சொல்வேன். அணிக்கு நான்கு பேர், களத்தில் மூவர், அரைக் கோர்ட், 10 நிமிடம் அல்லது 21 பாயிண்ட், 12 நொடி ஷாட் க்ளாக். ஒரே ஒரு ரிங் உள்ள தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ கூடப் பழகலாம். உலகப் பாஸ்கெட்பால் சம்மேளனமான ஃபிபாவின் 3x3 இணையத்தளத்தில் ஆளுக்கொரு கணக்கு. பதிவுபெற்ற போட்டியில் ஆட ஆட அவரவர் பெயரில் புள்ளி ஏறும்.

பெயர், வயது, பாஸ்போர்ட்

பிறப்புச் சான்று, டிசி, ஆதார் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே தேதி. ஒன்றில் "எம்", இன்னொன்றில் "எம்.எஸ்." என்று இனிஷியல் கிடந்தால் இப்போதே திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில் 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு போட்டது. வளைகுடாவில் ஒரு டோர்னமெண்டுக்குக் கூப்பிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். பத்தாவது பாஸ் என்றால் ஈசிஎன்ஆர் (குடியேற்றச் சோதனை தேவையில்லை என்ற வகை) கிடைக்கும், மார்க் ஷீட்டை இணையுங்கள். 15 வயதுக்குக் கீழே எடுத்த பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 நிறையும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான்.

சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், அட்டெஸ்டேஷனுக்கு ஏற்க மறுப்பார்கள். உப்பு ஈரத்தில் காகிதம் பூத்துப்போகும் ஊர் இது. ஜிப் கவரில் போட்டு, ஸ்கேன் செய்த நகலை வீட்டில் இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ மூன்று நிமிடம் போதும், கூடவே இரண்டு முழு மேட்ச். போனைப் படுக்கவைத்துப் பிடித்து, கேலரி மேல்படியில் இருந்து பத்துப் பேரும் தெரியும்படி எடுக்க வேண்டும். பந்தின் பின்னாலேயே ஜூம் செய்து எடுத்த வீடியோ பயிற்சியாளருக்கு உதவாது. பந்து இல்லாதபோது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றுதான் அவர் பார்ப்பார். உயரத்தை ஷூ கழற்றி அளந்து எழுதுங்கள். போய் இறங்கியதும் அவர்கள் அளப்பார்கள்.

ஏஜென்டும் ஒப்பந்தமும்

விசா ஏஜென்டிடம் பணம் கட்டி ஏமாந்த வீடு நம் கரையில் தெருவுக்கு ஒன்று உண்டு, அதனால் இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நாடு விட்டு நாடு மாற்றிவிடும் ஏஜென்டுக்கு ஃபிபா உரிமம் வேண்டும்; பட்டியல் ஃபிபா தளத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் ஆகும் முன்பே "ப்ராசசிங்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 18 வயது நிறையாத பிள்ளையை வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற்றுவது, மிகச் சில விதிவிலக்கு தவிர, விதிப்படி முடியாது.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: சம்பளம் வரி பிடித்தபின் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கரன்சியில். தேதி தவறினால் எத்தனை நாளில் நீங்கள் ஆடாமல் நிற்கலாம். வீடு, திரும்பும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு. காயம்பட்டால் சம்பளம் நிற்குமா. "ட்ரை-அவுட்" எத்தனை நாள், அந்த நாட்களுக்குப் பணம் உண்டா. மருத்துவப் பரிசோதனையை வந்து இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் கிளப் முடித்துக்கொள்ள வேண்டும், அதன்பிறகு பழைய காயத்தைக் காட்டி நீக்கக் கூடாது என்று ஒரு வரி. எல்லாவற்றிலும் முக்கியம், தகராறு வந்தால் ஜெனீவாவில் உள்ள பிஏடி நடுவர் மன்றம் தீர்க்கும் என்ற வரி. 2007இல் ஃபிபா இதைத் தொடங்கியது இப்படிப் பாக்கிவைக்கும் கிளப்புகளுக்காகத்தான். தீர்ப்புப்படி பணம் கொடுக்காத கிளப் புது ஆட்டக்காரரைப் பதிவுசெய்ய முடியாமல் ஃபிபா தடுக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு நீங்களே அலைய வேண்டும்.

அரசு அணியில் வேலையில் இருப்பவர் தடையில்லாச் சான்றும் விடுப்பு உத்தரவும் கைக்கு வந்தபின் டிக்கெட் போடட்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போனால் திரும்பி வரும்போது மேசையில் மெமோ இருக்கும்.

கடைசியாக லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ். ஒரு நாட்டில் பதிவான ஆட்டக்காரர் இன்னொரு நாட்டில் ஆட, பழைய நாட்டுச் சம்மேளனம் இதைத் தர வேண்டும். ஒப்பந்தம் இன்னும் பாக்கி இருக்கிறது என்ற ஒரு காரணத்துக்கு மட்டும்தான் அவர்கள் மறுக்கலாம். போகும்போது கிளப் பார்த்துக்கொள்ளும். திரும்பும்போது யாரும் பார்க்க மாட்டார்கள். சீசனின் கடைசி மேட்ச் முடிந்த மறுநாளே, ஒப்பந்தம் முடிந்தது என்று கிளப்பிடம் எழுத்தில் வாங்கி, இங்குள்ள சங்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பெட்டி கட்டுங்கள். ஊர் வந்து சேர்ந்தபின் கேட்டால் அந்த ஊர் அலுவலகம் கோடை விடுமுறையில் இருக்கும், இங்கே அணித் தேர்வு முடிந்திருக்கும்.