ட்ரைக் செட்டையை ஒழுங்காய்ப் பார்க்கிற விதம்

ட்ரைக் எண்டது துணிச் செட்டைக்குக் கீழை எஞ்சின் பூட்டின மூண்டு சில்லு வண்டி தொங்குற சின்ன விமானம். முல்லைத்தீவுக் கடற்காத்துப் பட்ட செட்டையை முதலில் நல்ல தண்ணியால் கழுவுங்கோ தம்பி. ஈரத்தோடை மடிச்சால் பூஞ்சணம்.

பிறகு செட்டையை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள். பஞ்சை மேலாலை இழுத்துக்கொண்டு போங்கோ. பஞ்சு சிக்கினால் இழை அறுந்திருக்கு, கம்பியை மாத்தத்தான் வேணும். முனையில், நசுக்கிப் பிடிச்ச செம்பு உறைக்குக் கிட்டத்தான் கூடுதலாய் அறும். அலுமினியக் குழாயில் உருக்கு போல்ட் தொடுற இடத்தில் வெள்ளைப் பொடி கண்டால் அரிப்புத் தொடங்கியிட்டுது. குழாய்க்குள்ளை டோர்ச் அடியுங்கோ. வன்னியில் குளவி மண்கூடு வைக்காத ஓட்டை இல்லை.

எங்கடை வெய்யிலுக்குத் துணியைவிடத் தையல் நூல் கெதியாய் உக்கும். நகத்தால் உரசிப் பாருங்கோ, தும்பு பறந்தால் பறப்பு வேண்டாம்.

கழட்டின, உள்ளுக்கு நைலோன் வளையம் வைச்ச நட்டைத் திருப்பிப் பூட்ட நான் விடமாட்டன். வண்டியைச் செட்டையில் தொங்கவிடுற தொங்கு போல்ட்டை மாத்துற காலம் செட்டையின்ரை கையேட்டுப் புத்தகத்தில் இருக்கு.