கிராண்ட் கோல் ஃபெரேயை மதியத்துக்கு முன்பே தாண்டிவிடுங்கள்

மோன் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகப் போகும் சுமார் 170 கிலோமீட்டர் நடைபாதையில், இத்தாலியின் பொனாட்டி குடிலிலிருந்து சுவிட்சர்லாந்தின் லா ஃபூலி கிராமம் வரை நடக்கப் போகிறவர்கள் காலை 7 மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் காலை வானம் பளிச்சென்று இருந்தாலும் பிற்பகலில் இடிமழை பிடித்துக்கொள்வது அங்கே சகஜம், வழியில் 2,537 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராண்ட் கோல் ஃபெரே கணவாயில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

முதலில் அர்நுவா வரை இறங்கிவிட்டு அப்புறம் 750 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். மூச்சு வாங்கினால் நடுவில் வரும் எலேனா குடிலில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அவசரமே வேண்டாம். கணவாய்க்கு அந்தப் பக்கம் நீண்ட இறக்கம். முழங்கால் தாங்க கைத்தடி இரண்டு இருந்தால் எவ்வளவோ நிம்மதி.

குடில்களில் கம்பளி தருவார்கள், கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் மெல்லிய துணி உறையை மட்டும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். யூரோ, ஃபிராங்க் இரண்டிலும் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: பதிவு செய்த குடிலுக்குப் போக முடியாமல் போனால் கண்டிப்பாக ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வழியில் உங்களுக்கு என்ன ஆனதோ என்று அவர்கள் தேட ஆரம்பித்துவிடலாம்.