எடை குறைப்பு அறுவை சிகிச்சை: தேதி குறித்த பிறகு உடலையும் மனதையும் தயார்ப்படுத்துவது

அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததும் முதலில் கவனிக்க வேண்டியது கல்லீரலைத்தான். அதன் இடது மடல் இரைப்பையின் மேல்பகுதியை மூடியபடி இருக்கிறது. உடல் பருமன் உள்ள பலருக்கு அதில் கொழுப்பு சேர்ந்து பெருத்துப்போயிருக்கும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அதைத் தூக்கிப் பிடித்தபடிதான் மருத்துவர் இரைப்பையை எட்ட முடியும். பெருத்த கல்லீரல் எளிதில் கிழிந்து ரத்தம் கசியும். இரைப்பையே கண்ணுக்குத் தெரியாவிட்டால் வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டிவரலாம், சிகிச்சையைப் பாதியில் நிறுத்தவும் நேரலாம்.

இதற்காகவே கடைசி இரண்டு வாரம், பெரும்பாலும் நாளுக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள், மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த உணவைக் கொடுக்கிறார்கள். மாவுச்சத்து குறைந்தால் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துவைத்த சர்க்கரை செலவாகும், அது பிடித்துவைத்திருந்த நீரும் வெளியேறும், கொழுப்பும் குறையத் தொடங்கும். முதல் மூன்று நான்கு நாட்கள் தலைவலி, சோர்வு, எரிச்சல் வரும். இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் சமாளிக்கலாம், பிறகு தணிந்துவிடும்.

"இனிமேல் சாப்பிடவா முடியும்?" என்று இந்த நாட்களில் விருந்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு வேளை விருந்தே கிளைக்கோஜனைத் திரும்ப நிரப்பத் தொடங்கிவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது உடலில் இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளாமல் இந்த உணவைத் தொடங்கவே கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவற்றோடு பட்டினி சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும், அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே தெரியக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, எடைக்கான ஊசி என எல்லாவற்றையும் எழுதி மயக்க மருந்து மருத்துவரிடம் கொடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

புகையிலையை மட்டும் இன்றே நிறுத்துங்கள். குறைந்தது ஆறு வாரம் இடைவெளி வேண்டும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தையல் போட்ட இடம் ஆறத் தாமதமாகும், பைபாஸ் (இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது) செய்தவர்களுக்கு அந்த இணைப்பில் புண் வரும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அதே புண்ணைக் கொண்டுவரும். மூட்டுவலிக்கு அவற்றை நம்பியிருப்பவர்கள் மாற்று வழியை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி தந்தால் தினமும் போட்டுப் பழகி, மருத்துவமனைக்கும் கொண்டுபோங்கள். இரும்பு, பி12, டி வைட்டமின் குறைகளையும் முன்னதாகவே சரிசெய்வது எளிது, பின்னர் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும்.

அடுத்தது சாப்பிடும் விதம். ஸ்லீவ் முறையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்கிய இரைப்பை ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும், பைபாஸில் அமைக்கும் பை அதிலும் சிறியது, 30 மில்லி அளவு. அவசரமாக ஒரு வாய் கூடுதலாகப் போனாலும் நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும். அதனால் இன்றிலிருந்தே சிறு கரண்டியால் எடுத்து, கூழாகும்வரை மென்று, 20 நிமிடத்துக்குக் குறையாமல் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் கூடாது, முடிந்த அரை மணி நேரம் கழித்து மிடறு மிடறாகக் குடிக்கலாம். தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள். பின்னர் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும், சிறிய இரைப்பையில் மற்றவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது உள்ளே போகாது.

மனதின் வேலைதான் பலரும் தள்ளிப்போடுவது. அறுவை சிகிச்சை வயிற்றுப் பசியைக் குறைக்கும். தனிமையிலும் கோபத்திலும் சலிப்பிலும் எழும் பசியை அது தொடாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, வயிறு பசித்ததா. இரவு பத்து மணிக்கு, சண்டைக்குப் பின், தேர்வுக்கோ வேலைக்கோ பயந்து என்று ஒரு ஒழுங்கு தெரியவரும். அந்த நேரத்துக்கு வேறொரு செயலை இப்போதே பழகுங்கள். நடை, ஒரு தொலைபேசி அழைப்பு, குளியல் என எதுவும் சரி. கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் வழக்கமோ மன அழுத்தமோ இருந்தால் மனநல மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் உங்களைத் தடுக்க வருபவர் அல்லர், மறைத்த சிக்கல் பின்னால் பெரிதாகும். ஆறுதலுக்கு உணவு இல்லாதபோது சிலர் மதுவுக்கு மாறுகிறார்கள். பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ஏறும் என்பதால் இது உண்மையான ஆபத்து.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொட்டும், தோல் தொங்கும், எடை வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். இவற்றை முன்பே வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். குழந்தை வேண்டுபவர்கள் 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால் கருத்தடை பற்றியும் பேசுங்கள்.

வீடு திரும்பிய பின் யாரை அழைப்பது என்று எண்ணை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியோ தோள் வலியோ வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.