பெயின்ட் கிளப்பிய இரைச்சல்

புனலூரில் கிட்டார் வாசிக்கும் நண்பருக்காக ஃபஸ் பெடல் ஒன்று செய்தேன்; காலால் மிதித்தால் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி அது. பெட்டிக்குச் செங்கோட்டைப் பட்டறையில் 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை மடித்து வாங்கினேன். சுவிட்சுக்கான 12 மில்லிமீட்டர் துளையைச் சாதாரண பிட்டால் போட்டேன், முக்கோணமாகப் பிய்ந்தது. "ஸ்டெப் பிட் போடுங்கள் தம்பி" என்றார் பட்டறை அண்ணாச்சி. படிப்படியாக அகலும் கூம்பு வடிவ பிட் அது. இரண்டாவது தகடு தப்பியது.

கறுப்பு பெயின்ட் அடித்து, உலர்த்தி, ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகினால் ஒரே ரீங்காரம். கரன்ட் கம்பியின் அதே 50 ஹெர்ட்ஸ். சர்க்யூட்டைச் சந்தேகித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். தற்செயலாக மூடித் திருகில் விரல் பட்டதும் இரைச்சல் கூடியது. மல்டிமீட்டரின் ஒரு முனையைத் திருகிலும் மறுமுனையை, கிட்டார் வயர் செருகும் ஜாக்கின் கிரவுண்டிலும் (சர்க்யூட்டின் பொது இணைப்பு) வைத்தேன். பீப் இல்லை, அதாவது இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆசையாய் உள்ளேயும் அடித்த பெயின்ட், பெட்டியைக் கிரவுண்டிலிருந்து பிரித்துவிட்டிருந்தது. கவசமாக வேண்டிய தகடு ஆன்டெனாவாகிவிட்டது!

இன்புட் ஜாக் துளையைச் சுற்றி உட்புறம் உப்புத்தாளால் தேய்த்தேன். வெள்ளை உலோகம் தெரிந்ததும் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் பல் வாஷர் போட்டு இறுக்கினேன். மூடி அமரும் விளிம்பிலும் அதே வேலை. பிளாஸ்டிக் ஜாக் என்றால் இது பலிக்காது. பெட்டிக்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

மீட்டர் கத்தியது. ஆம்பில் ஃபஸ்ஸுக்கே உரிய சீறல் மட்டும் மிச்சம்.