அடுத்த ஃபோன் காலை எடுப்பதற்கு முன்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் டீம் லீடாக இருக்கிறேன். திட்டு வாங்குவது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். அதைவிடக் கஷ்டம், திட்டியவரிடம் "புரியுதுங்க சார்" என்று சொல்லி முடித்த கையோடு அடுத்த ஃபோன் காலை மலர்ந்த குரலில் எடுப்பது. உள்ளே இருப்பதை மறைத்து வேறொன்றைக் காட்டுவதும் உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-லேயே எழுதினார். சம்பளச் சீட்டில் மட்டும் இதற்கு இடம் இல்லை.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். கால் முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றுங்கள். உடம்பில் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தாடை இறுகும், சிலருக்கு வயிறு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக்குங்கள். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். கண்ணை மூட வேண்டியதில்லை, பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அப்புறம், வந்திருப்பது என்ன உணர்ச்சி என்று கேளுங்கள். "டென்ஷன்" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. கோபமா, அவமானமா, பயமா, ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற ஆற்றாமையா? 2007-ல் வெளியான மேத்யூ லீபர்மன் குழுவின் ஆய்வில், முகப்படங்களில் தெரிந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தவர்களுக்கு மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஆனால் நான் இதை வலியுறுத்த வேறு காரணம் உண்டு: உணர்ச்சி எதுவோ, அதைப் பொறுத்து அடுத்த வேலையும் மாறும். 'புகார் போகுமோ' என்ற பயம் என்றால், நடந்ததை நடந்தபடி உடனே கால் நோட்ஸில் எழுதிவிடுங்கள். அவமானம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். தனியாக வைத்திருந்தால் அது வீடு வரை வரும். ஆற்றாமை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு விதிமுறைதான் கோளாறு. எந்த விதி என்று குறித்துவையுங்கள், பின்னால் உதவும்.

மின்னஞ்சலுக்கு ஒரே யோசனைதான்: பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள், கோபத்தில் எழுதியது தவறிப் போய்விடாது.

லீடாக இருப்பவர்களுக்கு: "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு எந்தக் கால் இன்னும் தலைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் தினமும் அதே நிலை என்றால், கோளாறு உங்கள் மூச்சில் இல்லை. ஆளைக் குறைத்துவிட்டு தியான வகுப்பு நடத்துவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன்அவுட்'டை நோயாக அல்ல, பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட அழுத்தத்தின் விளைவாகத்தான் விவரித்தது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பு வருவது, திறன் குறைந்ததாகத் தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். தூக்கமும் கெட்டு, வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மேலாளரிடமும் பேசுங்கள். "ரொம்ப ஸ்ட்ரெஸ்" என்று தொடங்க வேண்டாம். குறித்துவைத்ததைக் காட்டி, "இந்த ரீஃபண்ட் விதியால்தான் அதிகம் திட்டு வாங்குகிறோம். அதை மாற்றும்வரை, இந்த மாதிரி காலுக்குப் பிறகு நோட்ஸ் எழுதக் கொடுக்கும் ராப்-அப் நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டித் தர முடியுமா?" என்று கேளுங்கள்.