ஹாஸ்டல் செட்டு கலையாமல் இருக்க

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரே வாளித் தண்ணீரைப் பங்கு போட்டுக் குளித்தவர்கள் இப்போது துபாயிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். தேடும்போது முழுப்பெயரை நம்பாதீர்கள், ஹாஸ்டலில் யாருக்கு முழுப்பெயர் இருந்தது? பட்டப்பெயர், ஊர், அப்பா வைத்திருந்த கடை, இதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க முடியும். களக்காட்டுக்காரன் நம்பர் கிடைக்கவில்லையென்றால் களக்காட்டில் ஒரு டீக்கடையில் போய் விசாரியுங்கள், அரை மணி நேரத்தில் அவன் அம்மாவிடமே பேசிவிடலாம்.

அப்புறம் வாட்ஸ்அப் குழு. 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக முன்செட்டு பின்செட்டு எல்லாரையும் அள்ளிப் போடாதீர்கள். அரசியல் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் குழு ஒரு தேர்தலில் இரண்டாக உடைந்து, ஒட்ட வைக்க இரண்டு வருடம் ஆனது.

குழுவில் வாயே திறக்காதவனைத் தனியாகக் கூப்பிடுங்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் சங்கடம் இருக்கலாம். 'என்னல, சாப்ட்டியா' என்று ஆரம்பித்தால் போதும், சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

சந்திக்க நல்ல நாள் பொங்கலுக்கு மறுநாள், வெளியூர்க்காரர்கள் எப்படியும் வருவார்கள். இல்லையென்றால் ஜூலையில் குற்றாலச் சீசன். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

சரி, செலவை ஒருத்தன் தலையில் கட்டாதீர்கள். வார்டனையும் கூப்பிடுங்கள், இனி அவருக்குப் பயப்பட வேண்டியதில்லை. நாங்கள் இன்னும் பயப்படுகிறோம் என்பது வேறு விஷயம்.