பழைய ஜீப்பில் ஸ்டாப் லைட் லேட்டா எரியுதா? பெடலுக்கே சுவிட்ச் மாட்டும் முறை

காட்பாடி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நம் வண்டியின் பின்பக்கத்துக்கும் ஷேர் ஆட்டோவின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். கையை வெளியே நீட்டிக் காட்டும் சைகை இன்று யாருக்கும் புரிவதில்லை. பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான். பழைய ஜீப்புகளிலோ பிரேக் பிடித்து வண்டி பாதி வேகம் குறைந்த பிறகுதான் அது எரியும். சில நாள் எரியாமலே போகும். காரணம் பெரும்பாலும் ஸ்டாப் லைட் சுவிட்ச்.

சுவிட்சில் இரண்டு சாதி உண்டு. ராடும் கேபிளும் பிரேக்கை இழுத்த காலத்துக் கார்களில் சேசிஸில் ஒரு சின்ன சுவிட்ச், அதிலிருந்து பெடலுக்கு ஒரு ஸ்பிரிங். பெடல் நகர்ந்தால் ஸ்பிரிங் இழுபடும், உள்ளே பித்தளைத் தகடு இரண்டு முனைகளையும் சேர்க்கும், விளக்கு எரியும். (விளக்கே இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்க ஊமைப்பட நடிகை ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் 1914 வாக்கில், பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்னால் 'நில்' பலகை எழும்பும்படி ஓர் ஏற்பாடு செய்தார். காப்புரிமை வாங்கவில்லை.) ஹைட்ராலிக் பிரேக் வந்ததும் இரண்டாவது சாதி வந்தது: பிரேக் லைனிலேயே திருகும் பிரஷர் சுவிட்ச். ஃபோர்டு 1939இல்தான் ஹைட்ராலிக்குக்கு மாறியது. 1941 வில்லிஸ் ராணுவ ஜீப்பிலும், அதன் வழிவந்த நம் மகிந்திரா சிஜே3பியிலும், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் இரண்டு ஒயரோடு இருக்கும் பித்தளைக் குமிழ் இதுதான்.

பிரஷர் சுவிட்சுக்குள் ஒரு டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு காண்டாக்ட் தகடு. ஆயில் அழுத்தம் டயாஃப்ரத்தைத் தள்ளினால்தான் காண்டாக்ட் சேரும். புதுசு லேசான மிதிக்கே எரியும். நாளாக ஆக காண்டாக்ட் கருகும், இன்னும் பலமாக மிதித்தால்தான் எரியும். டயாஃப்ரம் கசிந்தால் ஆயில் உள்ளே புகுந்து மொத்தமாகப் போய்விடும். சிலிகான் வகையான டாட் 5 ஆயில் ஊற்றிய வண்டிகளில் இது சீக்கிரமே நடக்கும். பழைய வண்டிக்கு டாட் 3 அல்லது 4 போதும். இன்னொரு கோளாறும் உண்டு. நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி உள்ள ஒற்றை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரில் பைப் வெடித்தால் அழுத்தமே வராது. பிரேக்கும் இல்லை, பின்னால் விளக்கும் இல்லை.

ஆகவே விளக்கைப் பெடலே எரிய வைக்கட்டும். கீழே இருப்பது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்த) வண்டிக்கான முறை. 6 வோல்ட் பற்றிக் கடைசியில் தனியாக இருக்கிறது.

வேண்டியவை

புல்லட்டின் பின்பிரேக் சுவிட்ச், ஸ்பிரிங்கோடு ஒன்று. 12 வோல்ட் நாலு பின் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), அடியில் சாக்கெட்டோடு. 10 ஆம்ப் ஃபியூஸும் ஹோல்டரும். 1.5 சதுர மி.மீ. ஒயர் ஏழெட்டு மீட்டர், இரண்டு நிறத்தில். 3 மி.மீ. கனம், 25 மி.மீ. அகலத்தில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பட்டை ஒரு ஜாண். திம்பிள் (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை), ஹீட் ஸ்லீவ், எமரி பேப்பர், மல்டிமீட்டர். புல்லட் சுவிட்ச் வேலூரில் எந்த டூ வீலர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். ஜீப்பின் ஒரிஜினல் பிரஷர் சுவிட்சே வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோடு வரை போக வேண்டியிருக்கலாம். சாக்கெட் இல்லாமல் ரிலேயில் நேராக ஒயரைச் சொருகி டேப் சுற்றும் வேலை வேண்டாம். ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

1. குற்றம் சுவிட்சில்தானா?

பிரஷர் சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வையுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி. மங்கலாக எரிந்தால் அடுத்ததைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

2. எர்த்

டெய்ல் லைட்டைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதியுங்கள். டெய்ல் லைட் மங்கினாலோ, நம்பர் பிளேட் விளக்கு விட்டு விட்டு எரிந்தாலோ, விளக்குக் கூட்டின் எர்த் போயிருக்கிறது. 21 வாட் இழை வழியே வந்த மின்சாரம் பாடிக்குப் போக வழியில்லாமல், அதே பல்பின் 5 வாட் இழை வழியாக மற்ற விளக்குகளுக்குள் புகுந்து எர்த்தைத் தேடுகிறது. மீட்டரை டிசியில் வைத்து, சிவப்பு முனையை விளக்குக் கூட்டிலும் கருப்பை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து பிரேக்கை மிதியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் எமரியால் தேய்த்து, சேசிஸுக்குத் தனி எர்த் ஒயர் ஓட்டுங்கள். பெயிண்ட் அடித்துப் புதுப்பித்த ஜீப்புகளில் இந்தக் கோளாறு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

3. பழைய சுவிட்சைக் கழற்றாதீர்கள்

கசிவு இல்லையென்றால் அது அங்கேயே இருக்கட்டும். கழற்றினால் லைனில் காற்று புகும், நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். கசிந்தால் மட்டும் புதுசு போடுங்கள். அதன் மரை கூம்பு மரை, திருகத் திருகத் தானே இறுகி அடைக்கும்; டெஃப்ளான் டேப் சுற்றத் தேவையில்லை. பிய்ந்த டேப் துணுக்கு ஆயில் வழியில் போய் அடைத்தால் பெரிய வேலையாகிவிடும்.

அந்தச் சுவிட்சை வீணாக்கவும் வேண்டாம். ஃபியூஸ் போட்ட லைனிலிருந்து அதன் வழியாக டாஷ்போர்டில் ஒரு 2 வாட் பல்புக்கு ஒயர் கொடுங்கள். மிதித்தால் எரியும், விட்டால் அணைய வேண்டும். காலை எடுத்த பிறகும் எரிந்தால் லைனில் அழுத்தம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது ஏன் முக்கியம் என்பது ஐந்தாவது படியில் தெரியும்.

4. பிராக்கெட்டும் கொக்கியும்

சிஜே3பியில் பெடல் தரையைத் துளைத்துக் கீழே போய் சேசிஸ் பக்கத்தில் திரும்புகிறது. எனவே சுவிட்சும் தரைக்கு அடியில்தான். பட்டையை எல் வடிவில் மடித்து, சுவிட்ச் போகும் ஓட்டையை வட்டமாக அல்லாமல் நீளவாக்கில் போடுங்கள், முன்னே பின்னே நகர்த்த வசதி. மிதிக்கும்போது பெடல் கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் பிராக்கெட் வர வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங் இழுபடும். புகைப்போக்கிக் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஸ்பிரிங்கைப் பெடல் கையில் எந்த இடத்தில் கொக்குவது? திரும்பும் அச்சிலிருந்து பெடல் மிதி வரை 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீ பிளே, அதாவது புஷ் ராட் பிஸ்டனைத் தொடும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், அரை அங்குலம், 12 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். அச்சிலிருந்து 50 மி.மீ.யில் கொக்கினால் அந்த 12 மி.மீ. அங்கே 2 மி.மீ.யாகச் சுருங்கிவிடும், அவ்வளவு நுணுக்கமாக செட் பண்ணினால் மேட்டுப் பள்ள அதிர்ச்சியிலேயே விளக்கு மினுக்கும். 150இல் கொக்கினால் 6 மி.மீ. கிடைக்கும், ஆனால் பெடல் 150 மி.மீ. இறங்கும்போது ஸ்பிரிங் 75 மி.மீ. இழுபட்டு நீண்டுபோகும், அல்லது சுவிட்சின் தண்டையே பிடுங்கிவிடும். 75 மி.மீ. நல்ல நடுவழி: ஃப்ரீ பிளேயில் 3 மி.மீ., முழு மிதியில் சுமார் 37 மி.மீ. உங்கள் பெடலை அளந்து இதே கணக்கைப் போடுங்கள்.

பெடல் கையில் துளை போட வேண்டாம். பிரேக் பெடலைப் பலவீனமாக்கி விளக்கு எரிய வைப்பதில் நியாயமில்லை. ஒரு சின்னக் கிளாம்ப் போட்டு அதில் கொக்குங்கள்.

5. செட்டிங்: அவசரமே வேண்டாம்

பெடலை முழுதாக விட்ட நிலையில் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தே இருக்க வேண்டும். சுவிட்சின் நட்டைத் திருப்பித் திருப்பி, பெடலைக் கையால் கால் அங்குலம் அழுத்தியதும் விளக்கு வரும்படி வையுங்கள். அதாவது புஷ் ராட் பிஸ்டனைத் தொடுவதற்கு முன்பே எரிய வேண்டும். பிறகு காலால் முழுதாக மிதித்து, ஸ்பிரிங்கில் இன்னும் நீள இடம் இருக்கிறதா என்று கீழே இன்னொருவர் பார்க்கட்டும்.

இழுவை சுவிட்சை நான் சொல்வதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. இன்றைய கார்களில் வரும் குத்து சுவிட்சில் பெடல் திரும்பி வந்து தண்டை உள்ளே தள்ளினால் விளக்கு அணையும். அதைப் பழைய வண்டியில் மாட்டுகிறவர்கள், விளக்கு சீக்கிரம் அணையட்டும் என்று இரண்டு சுற்று கூடுதலாக முன்னே திருகிவிடுவார்கள். தண்டு முழுதாக அமுங்கி, சுவிட்சின் உடம்பிலேயே பெடல் முட்டி நின்றுவிடும். ஃப்ரீ பிளே காலி.

ஃப்ரீ பிளே போனால் என்ன ஆகும்? மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் டேங்குக்குப் போகும் ஒரு ஊசித்துளை இருக்கிறது. பிஸ்டன் முழுதாகத் திரும்பினால்தான் அந்தத் துளை திறக்கும். ஒரு மி.மீ. முன்னேயே நின்றாலும் வாஷர் கப் துளையை மூடியபடியே நிற்கும். பிரேக் பிடிக்கச் சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்த ஆயிலுக்குத் திரும்ப வழியில்லை. அழுத்தம் லைனிலேயே தங்கி ஷூவை டிரம்மில் உரச வைக்கும். உரச உரச இன்னும் சூடு. ஷெட்டில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. மே மாதம் நாற்பது டிகிரி வெயிலில் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்து இறங்கினால் தெரியும்: பெடல் கல்லாகி மேலேயே நிற்கும், டிரம்மில் கை வைக்க முடியாது, வண்டி தானாக நிற்கும். டாஷ்போர்டு பல்பு அணையாமல் எரிவது இதற்கான முன்னெச்சரிக்கை.

பெடல் மேலிருந்து தொங்கும் வண்டியில் குத்து சுவிட்சைத் தவிர்க்க முடியாது. அங்கே சோதனை இது: சுவிட்சை இரண்டு சுற்று பின்னே தளர்த்தி, பெடலைக் கையால் உங்கள் பக்கம் இழுங்கள். பெடல் இன்னும் பின்னே வந்தால், அதுவரை அதைத் தடுத்தது சுவிட்ச்தான். பெடல் தன் சொந்த ஸ்டாப்பில் நிற்கும்போது தண்டு முழுதாக அமுங்க ஒரு மி.மீ. மீதி இருக்க வேண்டும். அப்படி வைத்து லாக் நட்டை இறுக்குங்கள்.

6. ரிலே

புல்லட்டில் ஒரு பின்விளக்கு, 21 வாட், 1.75 ஆம்ப். ஜீப்பில் இரண்டு, 3.5 ஆம்ப். சின்ன சுவிட்ச் இதைக் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு கருகும். அதனால் பளுவை ரிலே சுமக்கட்டும். ரிலேயின் பின்களுக்குப் பக்கத்தில் 30, 87, 86, 85 என்று எண் இருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30. 87இலிருந்து இரண்டு ஸ்டாப் பல்புக்கும். அதே ஃபியூஸ் லைனிலிருந்து புல்லட் சுவிட்ச் வழியாக 86. 85 எர்த்துக்கு. ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது.

இக்னிஷன் சாவி வழியாக இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுப்பதே சரி. கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும் விளக்கு எரியும். பெடல் மாட்டிக்கொண்டு இரவு முழுதும் எரிந்தால் பேட்டரி இறங்கும் என்பது உண்மை. ஸ்பிரிங்கைத் தளர்வாக வைத்திருந்தால் அந்தப் பயம் இல்லை.

பிறகு சேர்த்தவை

பல பேர் மாட்டிக்கொண்ட இடங்கள்:

எல்இடி பல்பு போட்டால்: சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வெளிறிய நிறத்தைத் தரும், சிவப்பு எல்இடிதான் போட வேண்டும். டெய்லுக்கும் ஸ்டாப்புக்கும் வெளிச்ச வித்தியாசம் பகலில் தெரிகிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மலிவான பல்புகளில் தெரியாது.

பல்பு மாற்றியதும் டெய்ல் பளிச்சென்றும் ஸ்டாப் மங்கலாகவும் வந்தால்: இரட்டை இழை பல்பின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது, தலைகீழாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான். தேய்ந்த ஹோல்டரில் அமுக்கித் திருப்பினால் தலைகீழாகவும் போய்விடும்.

6 வோல்ட் வண்டிகள்: ரிலேயும் 6 வோல்ட்டாக இருக்க வேண்டும். இரண்டு 21 வாட் பல்பும் 7 ஆம்ப் இழுக்கும், ஒயர் 2.5 சதுர மி.மீ., ஃபியூஸ் 15 ஆம்ப். வழியில் 0.6 வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட்டில் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறையும், 6 வோல்ட்டிலோ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே எர்த் சுத்தம் இங்கே இரட்டிப்பு முக்கியம்.

பாசிட்டிவ் எர்த் வண்டிகள்: ஃபியூஸ் லைனை பேட்டரி நெகட்டிவிலிருந்து எடுங்கள். சாதாரண ரிலே காயிலுக்குத் திசை கிடையாது. உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) வைத்த ரிலே என்றால் 85, 86 மாற வேண்டும். மாற்றாவிட்டால் மிதித்ததுமே ஃபியூஸ் போகும். எல்இடி பல்பு நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது, எரியாது.

எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு) போகிறவர்கள்: 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102ஆம் விதிப்படி ஸ்டாப் லைட் சிவப்பாக இருக்க வேண்டும், பிரேக்கை இயக்கியதும் எரிய வேண்டும். கண்ணாடியில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போகும் முன் உரித்துவிடுங்கள்.